கருப்புப் பின்னுக்குப் பதில் சாம்பல் பின் போடலாமா?

உங்கள் கேள்வி இதுதான் என்று புரிந்துகொள்கிறேன். மகளுக்கு வாங்கிய லெகோ டெக்னிக் வண்டியில் கருப்பு, நீலம், சாம்பல், வெளிர் பழுப்பு, சிவப்பு என்று ஐந்து நிறத்தில் சின்னச் சின்ன இணைப்புப் பின்கள் வந்திருக்கின்றன. வண்டி கருப்பும் மஞ்சளுமாக அழகாக இருக்க, நீலப் பின்கள் மட்டும் அங்கங்கே வெளியே தெரிந்து கண்ணை உறுத்துகின்றன. எல்லாவற்றையும் கருப்பாக மாற்றிவிடலாமா, தொலைந்துபோன சிலவற்றுக்குப் பதில் கையில் கிடைக்கும் வேறு நிறத்தைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே மாற்றலாம், எங்கே கூடாது என்பதை ஒவ்வொரு இடத்திலும் நீங்களே முடிவு செய்துவிடலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் படித்தது இயந்திரப் பொறியியல். பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி செட்டுகளை வைத்து கியர், நெம்புகோல், ஸ்டியரிங் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் "வண்டி ஓட மாட்டேங்குது" என்று ஒரு பிள்ளை வந்தால், மோட்டாரையும் பேட்டரியையும் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது பின்களைத்தான். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. இப்போது வரும் டெக்னிக் செட்டுகளில் பின்களின் நிறம் அலங்காரத்துக்காக வைத்தது அல்ல. சாதாரண நீளமுள்ள பின், அதாவது இரண்டு பீம்களை (வரிசையாகத் துளைகள் உள்ள சட்டங்களை) சேர்க்கும் பின், இரண்டு வகையாக வரும். கருப்பாக இருப்பது உராய்வு உள்ளது. அதன் உடம்பில் மெல்லிய வரம்புகள் எழும்பி நிற்கும், அவை துளையின் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளிர் சாம்பலாக இருப்பது உராய்வு இல்லாதது. அதன் உடம்பு வழவழவென்று இருக்கும், துளைக்குள் தாராளமாகச் சுழலும். இரண்டுக்கும் முனையில் பிளவும் சின்ன உதடும் இருப்பதால் இரண்டும் 'டிக்' என்று உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. போட்ட பிறகு நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

மூன்று பீம் கனத்துக்கு வரும் நீளமான பின்னிலும் இதே ஜோடி உண்டு: உராய்வு உள்ளது நீலம், இல்லாதது வெளிர் பழுப்பு. ஒரு பக்கம் வட்டமாகவும் மறு பக்கம் கூட்டல் குறி வடிவ அச்சாகவும் இருக்கும் ஆக்ஸில் பின்னிலும் அப்படியே, நீலம் இறுக்கம், வெளிர் பழுப்பு லூஸ். ஆக மனதில் வைத்துக்கொள்ள ஒரு வரி போதும். அடர்ந்த நிறம் பிடிக்கும், வெளிர் நிறம் சுழலவிடும். பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்த ஒரு வரியைத்தான்.

ஆனால் "அசையும் இடத்தில் வெளிர், அசையாத இடத்தில் அடர்" என்று இதை எளிமையாக்கிவிட்டால் சில இடங்களில் இடறும். ஒரு வண்டியின் பானெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது திறந்து மூடுகிறது, அசையும் பாகம்தான். ஆனால் அதற்குக் கருப்புப் பின் போட்டிருப்பார்கள். காரணம், திறந்து விட்டால் அது அப்படியே நிற்க வேண்டும். சாம்பல் பின் போட்டால் கையை எடுத்ததும் படக்கென்று விழுந்துவிடும். மண் அள்ளும் இயந்திரத்தின் கையும் அப்படித்தான், பிள்ளை எந்த நிலையில் விட்டாளோ அந்த நிலையில் நிற்க வேண்டுமென்றால் உராய்வு வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் இணைப்பு. முன் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகத் திருப்பும் குறுக்குச் சட்டத்தில் குறைந்தது நான்கு மூட்டுகள் சேர்ந்து வேலை செய்யும். நான்கிலும் கருப்புப் பின் இருந்தால் ஒவ்வொன்றின் உராய்வும் சேர்ந்து, சக்கரம் திரும்ப மறுக்கும். கையால் திருப்பினால் சமாளிக்கும். சின்ன மோட்டார் திருப்புவதாக இருந்தால் திணறும். அதனால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த மூட்டு விட்ட இடத்தில் நிற்க வேண்டுமா, தானாக ஓட வேண்டுமா என்பதுதான்.

அப்புறம் சட்டகம். ஒரு பீமை இன்னொரு பீமோடு ஒரே பின்னால் சேர்த்தால் அது ஒரு கீல் மாதிரி திரும்பும். இரண்டு பின் போட்டால் திரும்ப முடியாது. அது வடிவக் கணக்கு, உராய்வுக்கு அதில் வேலையில்லை. அப்படியென்றால் சட்டகத்துக்கு ஏன் கருப்பு? சுழல வேண்டுமென்றால் பின்னுக்கும் துளைக்கும் நடுவில் துளி இடைவெளி இருந்தாக வேண்டும். சாம்பல் பின்னில் அந்த இடைவெளி இருக்கிறது. ஒரு மூட்டில் அது ஒன்றுமில்லை. நீளமான சட்டகத்தில் பத்துப் பன்னிரண்டு மூட்டுகள் வரிசையாக வரும்போது அந்தத் துளிகள் சேர்ந்து, வண்டியைத் தூக்கினால் நடுவில் தொய்கிற அளவுக்கு ஆட்டம் கொடுக்கும். அந்த ஆட்டத்தால் கியர்கள் ஒன்றைவிட்டு ஒன்று நகரும், பல் நழுவும், கடகடவென்று சத்தம் வரும். கருப்புப் பின்னின் வரம்புகள் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகின்றன.

இதை வைத்தே உங்கள் இரண்டாவது கேள்வியில் பாதிக்குப் பதில் சொல்லிவிடலாம். சட்டகத்தில் ஒன்றிரண்டு கருப்புப் பின் தொலைந்துவிட்டால், சுற்றியுள்ள மற்றவை கருப்பாக இருக்கும் வரை, அங்கே சாம்பல் போடுங்கள், பெரிய நஷ்டம் இல்லை. சாம்பல் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பைப் போடாதீர்கள். அது வண்டியைக் கெடுக்கும்.

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியது ஆக்ஸில் பின். கூட்டல் குறித் துளை உள்ள ஒரு கியர், சட்டகத்தின் வட்டத் துளையில் உட்கார்ந்து தாராளமாகச் சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழுப்பு ஆக்ஸில் பின்னின் கூட்டல் முனை கியருக்குள் போகும், வட்ட முனை பீமுக்குள் போகும், கியர் சுற்றும்போது பின்னும் சேர்ந்து சுற்றும். அங்கே நீலத்தைப் போட்டால் கியர் உடனே நின்றுவிடாது. சுற்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு மோட்டாரின் பலத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், பேட்டரி சீக்கிரம் தீரும், பல மணி நேரம் ஓடிய பிறகு துளையின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தூள் சேரும். தேய்ந்த துளை மறுபடி பழைய அளவுக்கு வராது, அந்த பீமில் அந்தத் துளை அதன்பின் எந்தப் பின்னையும் சரியாகப் பிடிக்காது. வண்டி ஓடுகிறதே, ஒன்றும் ஆகவில்லையே என்று இதை விட்டுவிடுவதுதான் வழக்கம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழுப்பு ஆக்ஸில் பின் தொலைந்துபோனால் நல்ல மாற்று ஒன்று இருக்கிறது. ஒரு சின்ன ஆக்ஸிலை வட்டத் துளை வழியாக விட்டு, வெளிப்பக்கம் ஒரு புஷ், அதாவது ஆக்ஸில் நழுவாமல் தடுக்கும் சின்ன வளையம், போட்டு நிறுத்துங்கள். கூட்டல் குறி வடிவ ஆக்ஸில் வட்டத் துளைக்குள் தடையில்லாமல் சுழலும்படிதான் இந்த அமைப்பே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இடம் கொஞ்சம் அதிகம் எடுக்கும், அதனால் நெருக்கமான கியர் பெட்டிக்குள் இது ஒத்துவராமல் போகலாம். வெளிப்பக்கமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

உங்கள் பட்டியலில் இருந்த சிவப்புப் பின் தனி வகை. அதுவும் மூன்று கன நீளம்தான், ஆனால் ஒரு கனம் அளவுக்குத் தடித்த தலை இருக்கும், மீதி இரண்டு கனம் உராய்வுள்ள பின். அந்தத் தலையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஆகவே கழற்றி மாட்ட வேண்டிய பாகங்களுக்கு இது பொருத்தமானது. உடலை மட்டும் தூக்க வேண்டும், பேட்டரிப் பெட்டியை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் இந்தச் சிவப்புத் தலைகளைத் தேடினால் போதும். நீலமும் சிவப்பும் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று எழுதியிருந்தீர்கள். சிவப்பைப் பொறுத்தவரை அது வெளியே தெரிவதில் ஒரு நன்மை இருக்கிறது. எங்கே இழுக்க வேண்டும் என்று பிள்ளைக்குப் படத்தைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

இன்னொரு அடர் சாம்பல் பின்னும் சில செட்டில் வரும், ஒரு பக்கம் முழு நீளம், மறு பக்கம் பாதி நீளம். மெல்லிய பீமைத் தடித்த பீமோடு சேர்க்க அது. அங்கே சாதாரணப் பின் போட்டால் மறுபுறம் துருத்தும். அவ்வளவுதான்.

நீலம் ஏன் வேண்டும், எல்லாம் கருப்பாகவே வந்தால் என்ன என்ற உங்கள் ஆதங்கத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் அந்த நீளமான உராய்வுப் பின் கருப்பாகத்தான் வந்தது. பழைய செட்டுகளைப் பார்த்தால் தெரியும். இரண்டு கனப் பின் 16 மில்லிமீட்டர், மூன்று கனப் பின் 24 மில்லிமீட்டர். மேசையில் தனித்தனியாக வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கான கருப்புத் துண்டுகள் குவிந்து கிடக்கும் பெட்டியில், படுக்கையாகவும் நிமிர்ந்தும் கிடக்கும்போது, கண்ணுக்கு நீளம் தெரியாது. நிறம்தான் தெரியும். அதைவிட மோசமான இடம் அறிவுறுத்தல் புத்தகம். கருப்பு பீமுக்குள் கருப்புப் பின் போகிற படத்தில் அது சின்னதா பெரியதா என்று கண்டுபிடிக்க நல்ல கண் வேண்டும். நீலமாக்கியதும் அந்தக் குழப்பம் போய்விட்டது. வயதான ரசிகர்கள் பலர் முடிந்த மாடலின் அழகு கெடுகிறது என்று இன்றும் வருத்தப்படுகிறார்கள். காட்சிக்கு வைக்கும் மாடலைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் கட்டும் செட்டைப் பொறுத்தவரை நான் நீலத்தின் பக்கம்தான். ஒரு பிள்ளை யாரையும் கேட்காமல் சரியான துண்டைத் தானே எடுப்பது, முடிந்த வண்டி ஒரே நிறத்தில் இருப்பதைவிடப் பெரிய விஷயம்.

ஆக, நீலத்தைக் கருப்பாக மாற்றலாமா என்றால்: மூன்று கன உராய்வுப் பின் கருப்பில் கிடைத்தால் தாராளமாக மாற்றலாம், வேலை ஒன்றுதான். இரண்டு கனக் கருப்புப் பின்னை அங்கே போட முடியாது, மூன்றாவது பீம் அந்தரத்தில் நிற்கும். நீல ஆக்ஸில் பின்னுக்குப் பதிலாகவும் சாதாரணக் கருப்புப் பின்னைப் போடக் கூடாது. கூட்டல் குறித் துளைக்குள் அது நுழையாது, பலவந்தமாக நுழைத்தால் துளையின் வாய் விரியும்.

பின்னோடு பின்னாக ஆக்ஸிலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறக் குறியீட்டின் அருமை அங்கேதான் அழகாகத் தெரியும். ஆக்ஸிலின் நீளத்தையும் இதே கனக் கணக்கில்தான் எண்ணுவார்கள். நீண்ட காலமாக டெக்னிக்கில் இரட்டைப்படை நீள ஆக்ஸில்கள் கருப்பு, ஒற்றைப்படை நீளங்கள் சாம்பல் என்று இருந்தன. சமீப வருடங்களில் ஒற்றைப்படை ஆக்ஸில்கள் மஞ்சளாக வரத் தொடங்கியிருக்கின்றன, இரண்டு நீளம் மட்டும் சிவப்பு. இதை முதலில் பார்ப்பவர்களுக்கு "ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கலாமே" என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள், பிள்ளைகள் 4-க்குப் பதில் 10-ஐ எடுப்பதில்லை. 4-க்குப் பதில் 5-ஐ எடுப்பார்கள், 5-க்குப் பதில் 6-ஐ எடுப்பார்கள். அடுத்தடுத்த நீளங்களுக்கு நடுவில் வித்தியாசம் 8 மில்லிமீட்டர்தான். ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாறினால், ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஆக்ஸில்களுக்கு நடுவில் எப்போதும் குறைந்தது 16 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். அதைக் கண் தவறவிடாது. இரண்டே நிறத்தில் ஒரு டஜன் நீளங்களைக் குழப்பமில்லாமல் பிரித்துவிட்டார்கள். பொறியியலில் எனக்குப் பிடித்த சின்னத் தீர்வுகளில் இது ஒன்று. கூடவே புத்தகத்தில் ஆக்ஸிலை உண்மையான அளவிலேயே அச்சிட்டு எண்ணும் போட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் ஆக்ஸிலைப் படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், புத்தகத்தின் மேல் துண்டை வைத்து அளப்பதை ரசித்துச் செய்வாள். தவறான நீள ஆக்ஸிலைப் போட்டால் அப்போதே தெரியாது. இருபது பக்கம் தாண்டி ஒரு கியர் உட்கார இடமில்லாமல் போகும்போதுதான் தெரியும், அப்போது அவ்வளவையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஆக்ஸிலில் மாட்டும் புஷ்களும் இப்போது இப்படித்தான் பிரிந்திருக்கின்றன. முழுக் கனம் பெரும்பாலும் சிவப்பு, அரைக் கனம் மஞ்சள்.

எல்லா இணைப்பானிலும் நிறம் பேசும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆக்ஸில்களைச் சாய்வாகச் சேர்க்கும் கோண இணைப்பான்கள் இருக்கின்றன. அவை கருப்பிலும் வரும், சிவப்பிலும் வரும், மாடலுக்கு ஏற்ற எந்த நிறத்திலும் வரும். அங்கே நிறத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. உற்றுப் பார்த்தால் துண்டின் மேலேயே ஒரு சின்ன எண் புடைத்திருக்கும். 2 என்றால் நேர்கோடு, 180 டிகிரி. 3 என்றால் 157.5, 4 என்றால் 135, 5 என்றால் 112.5, 6 என்றால் 90. ஒவ்வொரு எண்ணுக்கும் 22.5 டிகிரி குறைந்துகொண்டே வரும். 3-ஐயும் 4-ஐயும் வெறும் கண்ணால் பிரிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம், எண்ணைத் தேடுங்கள்.

ஒரு குடும்பத்தின் குறியீடு இன்னொரு குடும்பத்துக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளிடம் பல வகை செட்டுகள் சேர்ந்து கிடக்கும். கோல்களையும் இணைப்பான்களையும் மாட்டிக் கட்டும் கனெக்ஸ் செட்டில் நிறம் சொல்வது நீளத்தை. அதன் பழைய அளவுக் கோல்களில் பச்சை மிகச் சிறியது, பிறகு வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு, சாம்பல் என்று வளரும். இந்த வரிசைக்குள் ஒரு கணிதம் ஒளிந்திருக்கிறது. இரண்டு வெள்ளைக் கோல்களைச் செங்கோணத்தில் வைத்தால் அதன் கர்ணத்துக்கு நீலம் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு நீலத்துக்கு மஞ்சள், இரண்டு மஞ்சளுக்குச் சிவப்பு, இரண்டு சிவப்புக்குச் சாம்பல். ஒவ்வொரு படியும் ஒரு இணைப்பானின் நடுவிலிருந்து மறு இணைப்பானின் நடு வரை அளந்தால் முந்தையதைப்போல இரண்டின் வர்க்கமூலம் மடங்கு, ஏறத்தாழ 1.41. பித்தாகரஸ் பெயரைக் கேள்விப்படாத பிள்ளைகூட "சதுரத்துக்குக் குறுக்கே அடுத்த நிறம்" என்று கண்டுபிடித்துவிடும். அங்கே இணைப்பான்களின் நிறமோ எத்தனை கோல் மாட்டலாம் என்பதைச் சொல்கிறது. வெள்ளையில் சுற்றிலும் எட்டு, மஞ்சளில் அரைவட்டமாக ஐந்து, சிவப்பில் மூன்று.

நான் மிகவும் மதிக்கும் இன்னொரு அமைப்பு, பந்துகளில் கோல்களைச் செருகிக் கட்டும் ஸோம்டூல். அதில் நிறம் சொல்வது திசையை. நடுவில் இருக்கும் பந்தில் 62 துளைகள்: 30 செவ்வகம், 20 முக்கோணம், 12 ஐங்கோணம். நீலக் கோல் செவ்வகத்தில் மட்டும் நுழையும், மஞ்சள் முக்கோணத்தில், சிவப்பு ஐங்கோணத்தில். நிறத்தை மறந்தாலும் வடிவம் தடுத்துவிடும், தவறாக மாட்டவே முடியாது. இணைப்பான் வடிவமைக்கும் யாருக்கும் இதைத்தான் உதாரணமாகக் காட்டுவேன். ஒரே செய்தியை நிறமும் சொல்கிறது, வடிவமும் சொல்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கும், பெண்களில் ஏறத்தாழ 0.5 சதவீதம் பேருக்கும் சிவப்பு-பச்சை வேறுபாட்டைப் பிரிப்பதில் குறை இருக்கிறது. மற்ற மக்களிடமும் இது உண்டு, விகிதம் மாறும். ஒரு வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்தால் அதில் ஒரு பையனாவது இப்படி இருக்க வாய்ப்பு அதிகம், அவனுக்கே அது தெரிந்திருக்காது. டெக்னிக்கின் நீலம்-வெளிர் பழுப்பு ஜோடி இவர்களுக்கும் பிரிந்து தெரியக்கூடியது. அதை நினைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பலன் அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் மங்கலான வெளிச்சத்தில் கருப்பும் நீலமும் யாருக்குமே குழம்பும், மஞ்சள் விளக்கின் கீழ் வெளிர் சாம்பலும் வெளிர் பழுப்பும் ஒன்றாகிவிடும். பகல் வெளிச்சத்திலோ வெள்ளை விளக்கின் கீழோ கட்டச் சொல்லுங்கள்.

பழைய செட்டு ஏதாவது உறவினரிடமிருந்து வந்து கலந்திருந்தால் நிறத்தை நம்புவதில் கூடுதல் கவனம் வேண்டும். 2004 வாக்கில் லெகோவின் இரண்டு சாம்பல் நிறங்களும் மாறின. முன்பு மஞ்சள் சாயல் கலந்த சாம்பல், பிறகு நீலச் சாயல் கலந்த சாம்பல். வெயில் படும் இடத்தில் பல காலம் இருந்த வெளிர் சாம்பல் துண்டுகள் மஞ்சளடித்து, பழுப்பு என்று சொல்லுமளவுக்கு மாறியிருக்கும். நான் சொன்ன நீளமான கருப்புப் பின்களும் அந்தக் குவியலில் இருக்கும். ஆக்ஸில் பின்களில் பழைய காலத்து உராய்வு இல்லாதவை சாம்பலாக வரும். இதெல்லாம் சேர்ந்தால் ஒரு வரி விதி அப்படியே பொருந்தாது. வேறு நிறுவனங்கள் செய்யும் பொருந்தக்கூடிய பின்களிலும் இதே கவனம் தேவை. நிறத்தை ஒத்துப் போட்டிருப்பார்கள், உராய்வு அதே அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்று கல்லாக இறுகும், ஒன்று கழன்று விழும்.

அப்போது செய்ய வேண்டியது கையால் சோதிப்பது. பின்னின் உடம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வரம்பு தட்டுப்பட்டால் உராய்வுப் பின், வழுக்கிக்கொண்டு போனால் சுழலும் பின். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு பீமில் அந்தப் பின்னை மாட்டி, மறு முனையில் இன்னொரு பீமை மாட்டி, அதைக் கிடையாகப் பிடித்து விடுங்கள். தொங்கிப்போனால் லூஸ், நின்றால் இறுக்கம். இந்தச் சோதனையை என் வகுப்பில் பிள்ளைகளே செய்வார்கள், கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் போட்டிகூட வைப்போம். கொஞ்ச நாளில் விரலுக்கே தெரிந்துவிடும், நிறத்தைப் பார்க்கும் தேவையே குறைந்துவிடும்.

இன்னொரு பயிற்சியையும் பரிந்துரைக்கிறேன். நான்கு பீம்களை நான்கு மூலையிலும் ஒவ்வொரு பின்னால் சேர்த்து ஒரு சதுரம் செய்யுங்கள். முதலில் நான்கும் கருப்பு, பிறகு நான்கும் சாம்பல். இரண்டையும் மேசைமேல் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்புச் சதுரம் சாய்த்த நிலையில் நிற்கும், சாம்பல் சதுரம் சரிந்து படுத்துவிடும். பிறகு குறுக்கே ஒரு நீளமான பீமைச் சேர்த்துவிட்டால், சாம்பல் பின் இருந்தாலும் சதுரம் அசையாது. சட்டகத்தை உறுதியாக வைப்பது முக்கோணம், பின்னின் உராய்வு அதற்குத் துணை மட்டும்தான் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக விளங்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

துண்டுகளைப் பிரித்து வைக்கும்போது பலர் நிறவாரியாகப் பிரிப்பார்கள். பின்களுக்கு அது தற்செயலாக ஒத்துவரும், மற்றவற்றுக்கு வராது. கருப்பு டப்பாவில் பின், இரட்டைப்படை ஆக்ஸில், கியர், பீம் எல்லாம் சேர்ந்து கிடந்தால் தேடுவதிலேயே நேரம் போகும். வேலைவாரியாகப் பிரியுங்கள். பின்களுக்கு ஒரு டப்பா, அதற்குள் இறுக்கம் ஒரு அறை, லூஸ் ஒரு அறை. ஆக்ஸில்களுக்கு இன்னொரு டப்பா. கருப்பிலும் ஒரு பின் ஆக்ஸில் முனையோடு வரும், வட்டப் பக்கம் ஒரு கனம், கூட்டல் பக்கம் இரண்டு கனம். அது சாதாரணக் கருப்புப் பின்களோடு கலந்தால் தேடிக் களைத்துப் போவீர்கள், தனியாக வையுங்கள்.

கழற்றுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் மாற்றப்போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். கருப்பும் நீலமும் ஆழமாக உட்கார்ந்துவிட்டால் பல்லால் கடித்து இழுக்க எல்லாப் பிள்ளைகளும் முயல்வார்கள். பல்லுக்கும் ஆகாது, பின்னின் உதடும் நசுங்கும், நசுங்கிய பின் அதன்பிறகு சரியாகப் பிடிக்காது. ஒரு ஆக்ஸிலின் முனையால் மறுபக்கத்திலிருந்து தள்ளினால் வந்துவிடும். பல செட்டுகளோடு வரும் ஆரஞ்சு நிறப் பிரிப்பானின் நுனியில் இதற்கென்றே ஒரு ஆக்ஸில் முனை நீட்டிக்கொண்டிருக்கும்.

மாற்றும்போது வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஸ்டியரிங்கையும் சுழலும் கியர்களையும் தொடாமல் விட்டுவிடுங்கள், அங்கே இருக்கும் சாம்பலும் பழுப்பும் அப்படியே இருக்க வேண்டும். தொலைந்தவற்றில் அந்த இரண்டு நிறம் எத்தனை என்று பார்த்து, சட்டகத்தில் எங்காவது அவை இருந்தால் அங்கிருந்து எடுத்து இங்கே போடுங்கள், அந்த இடத்தில் சாம்பலுக்குக் கருப்பையும் பழுப்புக்கு அதே வகை நீலத்தையும் கொடுங்கள். வெளியே தெரியும் நீல நீளப் பின்களுக்கு அதே நீளத்தில் கருப்பு கிடைத்தால் கடைசியாக மாற்றுங்கள். நீல ஆக்ஸில் பின்களைப் பொறுத்தவரை, இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுவதுதான் என் யோசனை. மாற்றி முடித்ததும் பேட்டரி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆக்ஸிலையும் விரலால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது கனமாகத் தெரிந்தால், அந்த ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அடர் நிறப் பின் எது என்று முதலில் தேடுங்கள்.